வீட்டுக்குக் காவல், அண்டையாருக்கு மதிப்பு
கண்காணிப்புக் கேமராவைப் பயன்படுத்தும் முறை

அரும்பாடுபட்டு ஈட்டிய பொருளைக் காத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. இரப்பர்த் தோட்டங்களில் இத்தேவை இன்னும் மிகுதியாகும். பொழுது புலருமுன் கணவனும் மனைவியும் பால்மரம் சீவப் புறப்பட்டு, பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றுவிட்டால், நண்பகல் வரை வீடு பூட்டியே கிடக்கும். இக்காரணத்தால் இந்நாளில் லயத்து வீடுகளின் முகப்பிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. அக்கருவியை முறையோடு பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

கருவியின் இயல்பு

கேமரா நிகழ்ந்ததைப் பதிவு செய்யுமேயன்றித் திருடனைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே நல்ல பூட்டுக்கும் வாசல் விளக்குக்கும் அண்டையார் துணைக்கும் அது ஈடாகாது.

கூரை உச்சியில் மாட்டப்பட்ட கேமராவில் வருபவரின் தலை தெரியும், முகம் தெரியாது. எட்டு முதல் பத்து அடி உயரமே பொருத்தமானது. காலைக் கதிரவனை நோக்கி வைத்தால் முகம் நிழலாகவே பதியும். இரவில் பெரும்பாலான கேமராக்கள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு படம் பிடிக்கின்றன. மிக அருகே சுவரோ தாழ்வாரத் தகரமோ இருப்பின் அவ்வொளி அதில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளிறச் செய்துவிடும். கண்ணாடியின் முன் சிலந்தி வலை படர்ந்தாலும் அவ்வாறே நேரும். ஆகையால் வாரம் ஒருமுறை துடைத்து வருதல் நலம்.

எல்லை எது?

லயத்து வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. கேமரா சிறிதளவு திரும்பியிருந்தாலும் அண்டை வீட்டு வாசலும் குளியலறைக்குச் செல்லும் வழியும் துணி உலரும் கொடியும் படத்துள் அடங்கிவிடும். அவ்வீட்டுப் பெண்கள் எப்போது வெளியே வருகின்றனர், யார் வந்து போகின்றனர் என்பதெல்லாம் பிறர் கைப்பேசியில் சேர்ந்துவிடும். இது காவலின் எல்லையைக் கடந்த செயலாகும். இதனைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. பொருத்துமுன் அண்டை வீட்டாரிடம் கூறுக. பொருத்தியபின் படத்தில் தெரிவதை அவர்களுக்கே காட்டுக.

2. நம் வாசல், சன்னல், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றையே கேமரா நோக்கட்டும். சில கருவிகளில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி உண்டு, அதனைப் பயன்படுத்துக.

3. ஒலிப்பதிவை நிறுத்தி வைக்குக. அண்டையார் பேசுவது நமக்கு உரியதன்று.

4. ஆலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றுக. மாற்றாவிடில் இணையத்தின் வழி அயலாரும் நம் வீட்டைக் காணக்கூடும். பொருத்த வந்தவர் சென்றபின் மீண்டும் ஒருமுறை மாற்றுவது நன்று.

சட்டத்தின் நிலை

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. தனி மனிதர் தம் குடும்பத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் பதிவுகளுக்கு அதில் விலக்கு உண்டு. எனினும் அவ்விலக்கு எதையும் படம் பிடிக்கலாம் என்னும் உரிமையாகாது. ஒருவருடைய மானத்திற்கு இழுக்கு உண்டாக்கும் நோக்குடன் அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவது தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். அதற்கு ஐந்தாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பதிவு கையில் கிடைத்தபின்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு வீட்டில் பணம் காணாமற்போகிறது. அன்று காலை பத்து மணிக்கு அண்டை வீட்டு இளைஞன் வாசலில் நின்று திரும்பியது பதிவில் தெரிகிறது. உடனே அப்படம் ‘திருடன்’ என்னும் சொல்லுடன் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் பரவுகிறது. அவன் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்திருக்கலாம் அன்றோ? அவன் வந்ததைக் கேமரா காட்டிற்று. வந்த காரணத்தைக் காட்டவில்லை. கருவியின் கடிகாரம் பிழையாயிருப்பின் நேரமும் பிழையே. பணம் பின்னர் அரிசிப் பானைக்குள் கிடைத்தாலும் அவ்விளைஞன் மறுநாள் பிரட்டில் எவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான்? அவனுடைய தாய் கோயிலுக்கு எவ்வாறு செல்வாள்?

ஆகவே ஐயத்திற்குரிய பதிவை எவருக்கும் அனுப்பலாகாது. அதனை வெட்டாமல், திருத்தாமல் வேறொரு சேமிப்பில் படியெடுத்து, காவல் நிலையத்தில் புகார் செய்து ஒப்படைக்க வேண்டும். சேமிப்பு நிரம்பியதும் கருவி பழைய பதிவுகளின் மேலேயே புதியவற்றைப் பதிவு செய்யுமாதலால் படியெடுப்பதில் காலந்தாழ்த்தலாகாது. கருவியின் கடிகாரத்தையும் அவ்வப்போது சரிபார்த்தல் வேண்டும்.

அண்டையாரே துணை

அண்டை அயலார் ஒன்றுபட்டுத் தம் இருப்பிடத்தைக் காக்கும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பு 1975ஆம் ஆண்டு நம் நாட்டில் தோற்றுவிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. புதியவர் எவரேனும் லயத்தில் நடமாடினால் “யாரைத் தேடுகிறீர்கள் ஐயா?” என்று கேட்கும் மூதாட்டி ஒருவர் எதிர்வீட்டில் இருப்பது பெருங்காவலாகும். அத்தகைய அண்டையாரின் மனம் புண்படுமாறு கேமராவை வைப்போமாயின், இருக்கும் காவலையும் இழந்தவராவோம்.

சிந்தனைக்கு

1. உங்கள் கேமராவில் பிறர் வீட்டின் எப்பகுதியேனும் தெரிகிறதா?
2. பதிவைப் பார்க்கும் உரிமை உங்கள் வீட்டில் யார் யாருக்கு உண்டு?
3. உங்கள் மகனின் படம் ஐயத்தின் பேரில் பரப்பப்பட்டால், நீங்கள் எதை நியாயமென்று கேட்பீர்கள்?