சட்டப்பிரிவுக்கு முன் சான்று: இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்

இளம் வழக்கறிஞர் அவர்களுக்கு,

விபத்தில் காயமுற்றவரும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரும் காவல் நிலையத்தில் அடிபட்டவரும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் நிவாரணம் கோரினாலும், மூவரின் வழக்கையும் பெரும்பாலும் தீர்மானிப்பவை, சம்பவத்தை ஒட்டி எழுதப்பட்ட, அல்லது எழுதாமல் விடப்பட்ட, சில ஆவணங்களே. அவை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் கையில் இருப்பதில்லை என்பதால், சட்டப்பிரிவைத் தேடுவதற்கு முன் சான்றைத் திரட்டுவதே இத்தொழிலுக்குப் புதியவரின் முதற்கடமை.

சாலை விபத்தில் காயமுற்றவர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவுடன் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது நீதிமன்ற வட்டாரத்தில் ‘ஏ.ஆர். காப்பி’ எனப்படுவது, காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லும் முதல் பதிவாகும். அதில் ‘வண்டியிலிருந்து தவறி விழுந்தார்’ என்றிருந்தால், பின்னர் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை லாரி மோதியதாகக் கூறினாலும், காப்பீட்டு நிறுவனத்தின் குறுக்கு விசாரணை அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்கும். உடல் ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) விளக்கியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழந்தவராகலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தர் பணியில் நீடிக்கக்கூடும். ஆகவே, கட்சிக்காரர் செய்துவந்த தொழிலை நிறுவும் சான்றுக்கு மருத்துவச் சான்றுக்கு நிகரான மதிப்பு உண்டு.

ஆட்குறைப்பு வழக்குகளில் முதலில் எழும் கேள்வி தொடர் பணி பற்றியது. முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்தவர் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவராகக் கருதப்படுவார் என 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த அளவுகோல், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. வருகைப் பதிவேடு நிறுவனத்திடம் இருந்தபோதிலும், 240 நாளை நிறுவும் பொறுப்பு முதலில் தொழிலாளியையே சாரும். எனவே பி.எஃப். கணக்குப் பதிவு, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, ஆலையின் நுழைவு அட்டை ஆகியவற்றைத் தாக்கல் செய்வதோடு, பதிவேட்டை முன்னிலைப்படுத்த உத்தரவிடக் கோரும் மனுவையும் தவறாமல் போட வேண்டும்.

காவல் துறை அத்துமீறலில் சான்று இன்னும் விரைவாக மறைகிறது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைதின் நாளும் நேரமும் குறிக்கப்பட்ட கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆம் கூறு. ரிமாண்டின்போது காயங்களை நடுவரிடம் சொல்லிப் பதிவுசெய்யாமல் விட்டால், பின்னர் அவை எங்கே ஏற்பட்டன என்பதே சர்ச்சையாகும். 2020ஆம் ஆண்டு சாத்தான்குளம் காவல் மரணங்களை விசாரித்த நீதித்துறை நடுவர், அந்நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். ஆகவே பதிவுகளைப் பாதுகாக்கக் கோரும் மனு, கைதுச் செய்தி கிடைத்த அன்றே எழுதப்பட வேண்டியது.

காவல் மரணத்துக்கு ரிட் மனுவின் வழியே அரசிடம் இழப்பீடு பெறலாம் என்பதையும், அரசின் இறையாண்மைப் பாதுகாப்பு அதற்குத் தடையாகாது என்பதையும் நீலபதி பெஹெரா வழக்கு (1993) நிலைநாட்டியது. மனித உரிமைகள் ஆணையத்தை ஓராண்டுக்குள் அணுக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்துள்ளது.

சான்றைத் தேடும் இதே முனைப்பு, கிடைக்காத சான்றைத் தயாரிக்கும் துணிவாக ஒருபோதும் மாறக் கூடாது. வருமானத்தைக் கூட்டிக் காட்டும் ஒரு போலிச் சம்பளச் சீட்டு பிடிபட்டால், உண்மையான காயமும் ஐயத்துக்குள்ளாகி, நியாயமாகக் கிடைக்க வேண்டிய தொகையும் குறையும். இல்லாத ஆவணத்தை இல்லை என்று கட்சிக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, வாய்மொழிச் சாட்சியத்தால் நிறுவக்கூடியதை மட்டும் மனுவில் எழுதுவதே அவருக்கும் தொழிலுக்கும் நன்மை தரும்.

அன்புடன்,
மூத்த வழக்கறிஞர் ஒருவர்