கொட்டின இடத்து வீக்கமா, உடம்பு முழுக்க ஒவ்வாமையா?

பூச்சிக்கொல்லியை நிறுத்தி இரண்டு மூன்று வருடம் ஆன தோட்டத்தில் குளவியும் தேனீயும் திரும்பி வருவதைப் பார்க்கிறோம். பம்புசெட் கொட்டகை எறவாணத்தில் குளவி கூடு கட்டும். பனையில் கதண்டு கூடு தொங்கும். உயரமான புளியமரக் கிளையில் மலைத்தேனீ அடை வைக்கும். புழுவைக் கவ்விக்கொண்டு போகிற குளவி நமக்குக் கூலி கேட்காத ஆள்தான். ஆனால் களை வெட்டும்போதோ தேங்காய் பறிக்கும்போதோ அதுங்க கொட்டத்தான் செய்யும். அப்போ என்ன செய்வது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொள்வோம்.

முதல் வேலை அந்த இடத்தை விட்டு ஓடுவது. தேனீ கொட்டும்போது ஒரு வாசனை விடும், கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. அதை மோப்பம் பிடித்துத்தான் மற்ற தேனீக்கள் அதே ஆளைத் தேடி வரும். நின்று கையை வீசினால் இன்னும் நாலு கொட்டு வாங்க வேண்டியதுதான். தள்ளிப் போனதும் கொடுக்கு இருக்கிறதா பாருங்க. தேனீயின் கொடுக்கு தோலிலேயே மாட்டிக்கொள்ளும், கூடவே விஷப்பையும் இருக்கும். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போவதில்லை, அதனால் ஒன்றே பல தடவை கொட்டும். தேனீக் கொடுக்கை நகத்தால் வழிக்கணுமா, விரலால் பிடுங்கலாமா என்று ஊரில் பெரிய விவாதமே நடக்கும். எப்படி எடுத்தாலும் சரி, சீக்கிரம் எடுக்கணும். அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதி விஷம் உள்ளே இறங்கிவிடும். கையிலோ காலிலோ கொட்டியிருந்தால் மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

இனி வீக்கம். பலருக்குக் காசு அளவு தடித்து மறுநாள் போய்விடும். சிலருக்கு விரலில் கொட்டினால் முழங்கை வரைக்கும் வீங்கும். நெற்றியில் கொட்டினால் கண்ணே மூடிக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் கொட்டின இடத்திலிருந்து தொடர்ச்சியாகப் பரவுகிற வீக்கம், எவ்வளவு பெரிசா இருந்தாலும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஒன்றிரண்டு நாள் கூடிக்கொண்டே போய், அப்புறம் ஐந்து முதல் பத்து நாளில் வடியும். இரண்டாம் நாள் வீக்கம் கூடினதும் 'சீழ் வைக்கப்போகுது' என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். அது அனேகமாகச் சீழ் இல்லை, விஷத்துக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு. வடிய வேண்டிய நேரத்தில் திரும்பச் சிவந்து, வலி கூடி, காய்ச்சல் வந்தால்தான் கிருமி புகுந்ததாகச் சந்தேகிக்கணும்.

இப்படிப்பட்ட வீக்கத்துக்கு சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு விட்டு ஒத்தடம் கொடுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். அரிப்புக்குக் கேலமைன் தடவலாம். பெரியவர்கள் செட்டிரிசின் மாத்திரை ஒன்று போடலாம். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்க. வீக்கம் ரொம்பப் பெரிசென்றால் வேறு மருந்து தேவையா என்று டாக்டர் பார்க்கட்டும்.

சுண்ணாம்பு தடவுவது நம்ம ஊர்ப் பழக்கம். விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே தடவின சுண்ணாம்பு அதைத் தொடாது, தோலைத்தான் புண்ணாக்கும். நாட்டு வைத்தியத்தை மதிக்கிறவர்கள்தான் நாம். அதற்காகத் தோல் வெந்துபோவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கயிறு கட்டுவதும் பிளேடால் கீறுவதும் அறவே கூடாது.

இப்போ பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். வீக்கம் எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதை விட, கொட்டாத இடத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்க. காலில் கொட்டியிருக்கும், ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம் என்று வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும். இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். 'போன வருசம் பத்துக் குளவி கொட்டுச்சு, ஒண்ணும் ஆகல' என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. வெளித்தொடைச் சதையில் போடுவார்கள். செட்டிரிசின் அரிப்பை அடக்கும், ஆனால் அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்குகிற இரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீங்க, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடக்கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போவது நம் பக்கம் சகஜம். இரத்த அழுத்தம் இறங்கின ஆளுக்கு அதுவே ஆபத்து. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் காரிலோ வேனிலோ படுக்க வைத்துக் கொண்டு போங்க. கொட்டின நேரத்தையும், இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். சரியானதும் கிளம்பிவிடக் கூடாது, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டு. அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வரணும்.

ஒவ்வாமை இல்லாதவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சந்தர்ப்பம் இரண்டு உண்டு. ஒன்று, வாய்க்குள் அல்லது தொண்டையில் கொட்டினால். பதநீர்க் குவளையில் விழுந்த குளவியைக் கவனிக்காமல் குடிப்பவருக்கு இது நடக்கும். வீக்கமே மூச்சை அடைத்துவிடும். இன்னொன்று, மொத்தமாகக் கொட்டினால். தேனீ ஐம்பதுக்கு மேல் கொட்டியிருந்தால், கதண்டு அதைவிடக் குறைவாகவே கொட்டியிருந்தாலும், விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அன்று நன்றாகத்தான் இருப்பார். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் குறையும், அல்லது டீ டிக்காஷன் நிறத்தில் போகும். அதற்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய் இரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ளணும். குழந்தைகளுக்கு இந்த எண்ணிக்கை இன்னும் குறைவு.

கூடுகளை என்ன செய்வது? ஆள் நடக்காத மூலையில் இருக்கிற சின்னக் குளவிக் கூட்டை விட்டுவிடுங்கள், அது உங்கள் புழுக்களைத் தின்றுகொண்டிருக்கிறது. டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுகிறவர்கள் அதுவும் குளவி ஆச்சே என்று பயப்பட வேண்டாம், அது மனிதரைக் கொட்டுவதில்லை. வழியிலோ பள்ளிக்கூடத்துப் பக்கமோ கதண்டுக் கூடு இருந்தால் நீங்களே தீப்பந்தம் தூக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிரஷ் கட்டர் ஓட்டும் முன் அந்தப் பகுதியின் வேலி, புதர், மரக்கிளையை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். இயந்திரச் சத்தமும் அதிர்வும் கூட்டைக் கிளப்பிவிடும். மோட்டார் சுவிட்ச் பெட்டியைத் திறக்கும்போதும் முகத்தை நேரே வைக்காமல், பக்கவாட்டில் நின்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திறங்கள்.