எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் பழுதுக் குறியீடும்

நெசவாளர் சங்கத்தின் நூற்பொதியாயினும், விவசாயிகள் சங்கத்தின் காய்கறிக் கூடையாயினும், உரிய வேளையில் உரிய இடம் சேர்ந்தாலன்றி அதற்கு உரிய விலை கிடையாது. சங்கத்தின் சரக்கு வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால், அந்த நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். பழுதில்லாத உறுப்பைக் கழற்றி எறிந்து புதியது வாங்கிப் பொருத்தினாலோ, அந்தச் செலவும் நம்முடைய இலாபப் பங்கிலிருந்தே கழியும். ஆகவே வண்டியின் பழுதை அறியும் முறையைப் பட்டறைக்காரர் மட்டுமன்றி, பில்லுக்குக் கையொப்பமிடும் நிர்வாகிகளும், அதனை மகாசபையில் கேள்வி கேட்கும் அங்கத்தினர்களும் ஓரளவேனும் தெரிந்திருத்தல் நலம்.

விளக்கு ஏன் எரிகின்றது?

இக்காலத்து வண்டிகளில் எரிபொருளை அளந்து விடுவதும், தீப்பொறி எழும் நேரத்தைக் குறிப்பதும் ஒரு சிறு கணிப்பொறியின் வேலையாகும். காற்றின் அளவு, எஞ்சினின் வெப்பம், சுழலும் வேகம், புகைக் குழாயிலுள்ள பிராணவாயு ஆகியவற்றை அளந்து சொல்ல ஆங்காங்கே சென்சார்கள் எனப்படும் உணர்கருவிகள் அமைந்துள்ளன. அவை அனுப்பும் செய்தி எதிர்பார்த்த எல்லையை மீறினால், கணிப்பொறி அதனை ஒரு குறியீடாகப் பதிவு செய்துகொண்டு, ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவமான மஞ்சள் விளக்கை ஏற்றுகின்றது.

இவ்வேற்பாடு புகையினால் காற்று கெடுவதைத் தடுக்கும் பொருட்டுப் பிறந்தது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணம் 1988-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இதனை வற்புறுத்தியது. 1996 முதல், எக்கம்பெனி வண்டிக்கும் பொதுவான குறியீடுகள் கொண்ட இரண்டாம் முறை அந்நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் நான்காம் நிலை வண்டிகளுக்கு 2013-இல் அந்த இரண்டாம் முறை வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டுப் பாரத் ஆறாம் நிலை நடைமுறையில் உள்ளது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் பரிசோதிக்கலாம். அது விட்டு விட்டு மின்னினால், உருளையில் எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த புகைச் சுத்தியைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அப்போது உடனே வேகத்தையும் சுமையையும் குறைக்க வேண்டும். மின்னல் நிற்காவிடில் வண்டியை நிறுத்திவிடுதல் நன்று. ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு வேறு. அது எரிந்தால் அக்கணமே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

குறியீட்டைப் படிக்கும் முறை

ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ்ப்புறத்தில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். குறியீடு படிக்கும் கருவியை அதில் செருகினால், ஓர் ஆங்கில எழுத்தும் அதனையடுத்து நான்கு இலக்கங்களும் தோன்றும். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பற்றியவை, பவர்ட்ரெயின் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘பி’யில் தொடங்கும். அடுத்த இலக்கம் 0 ஆயின் அக்குறியீடு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது. 1 ஆயின் அக்கம்பெனிக்கே உரியது. அதன் பொருளை அக்கம்பெனியின் கைநூலில்தான் காணவேண்டும். அதற்கடுத்த இலக்கம் பழுது எப்பகுதியைச் சார்ந்தது என்பதைக் காட்டும். 1, 2 எனின் காற்றும் எரிபொருளும். 3 எனின் தீப்பொறி. 4 எனின் புகைக் கட்டுப்பாடு. 7, 8 எனின் கியர்ப் பெட்டி. இறுதி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சுட்டும்.

குறியீடு சாட்சியே, தீர்ப்பன்று

இப்பாடத்தில் மனத்திற் கொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இதுவே: குறியீடு கெட்டுப்போன உறுப்பின் பெயரன்று, கணிப்பொறி கண்ட அறிகுறியின் பெயர்.

விசைத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானே நிற்கும். தறி நின்றதனால் இழை அறுந்தது என்பது மட்டுமே தெரியும். கஞ்சி குறைந்ததா, முடிச்சு பருத்ததா, அச்சுப்பல்லில் பிசிர் உள்ளதா, பாவின் இறுக்கம் மிகுந்ததா என்பதை நெசவாளரே ஆராய்ந்து காணவேண்டும். இலை மஞ்சளாயிற்று என்றவுடன் யூரியாவை வாங்கிக் கொட்டுபவர் நல்ல விவசாயி ஆகார். வேரில் நீர் தேங்கியும் இலை மஞ்சளாகலாமன்றோ? எஞ்சின் விஷயமும் இவ்வாறே.

பி 0135 என்னும் குறியீடு புகைக் குழாயிலுள்ள பிராணவாயு சென்சாரின் வெப்பக் கம்பிச் சுற்றைக் குறிப்பது. இங்கே ‘சுற்று’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். சென்சாரும் கெட்டிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், எலி கடித்து ஒயர் அறுந்திருக்கலாம், இணைப்பில் துருவேறியிருக்கலாம். பியூஸுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சென்சாரின் விலையோ பல மடங்கு. எதனை முதலில் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஓர் உதாரணம்

பெட்ரோல் சரக்கு வண்டி ஒன்றில் பி 0171 என்னும் குறியீடு வந்ததாகக் கொள்வோம். கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் அதனைப் போல் ஏறக்குறைய 14.7 மடங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் பிராணவாயு சென்சார் அதனைக் கணிப்பொறிக்கு அறிவிக்கும். கணிப்பொறி பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் கூட்டும். பல வண்டிகளில் இக்கூட்டல் சுமார் 25 சதவிகிதத்தை நெருங்கியும் குறை தீராவிடில் விளக்கு எரியும்.

‘பிராணவாயு சென்சாரைச் சார்ந்த குறியீடு, அதனை மாற்றிவிடுவோம்’ என்று பட்டறையில் கூறுவதுண்டு. ஆனால் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் கூறிக்கொண்டிருக்கின்றது. உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டிப்பதனால் குற்றவாளி அகப்படுவதில்லை.

காரணம் காணும் வழி யாது? கணிப்பொறி எத்தனை சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டுகின்றது என்பதையும் அக்கருவியிலேயே படிக்கலாம். எஞ்சின் வெறுமனே ஓடும்போது ஒருமுறையும், நிமிஷத்திற்கு 2500 சுற்று வேகத்தில் ஒருமுறையும் இதனைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். காற்றின் அளவை நுழைவாயிலிலேயே அளக்கும் வண்டியாயின், இவ்விரு எண்களும் பழுதின் இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

வெறும் ஓட்டத்தில் கூட்டல் மிகுந்தும் வேகத்தில் குறைந்தும் இருந்தால், அளக்கும் இடத்திற்குப் பின்னால் எங்கோ வெடித்த குழாய் வழியாகக் காற்று கள்ளத்தனமாக நுழைகின்றது எனலாம். வேகம் கூடுகையில் மொத்தக் காற்று பெருகுவதனால் அவ்வொழுக்கின் பங்கு சிறுத்துவிடுகின்றது. மாறாக, வேகமும் சுமையும் ஏற ஏறக் கூட்டலும் ஏறினால், பெட்ரோல் போதிய அழுத்தத்துடன் வரவில்லை. அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்து, வரும் காற்றைக் குறைத்துச் சொல்கின்றது. புகைக் குழாய் சென்சாருக்கு முன் விரிசல் விட்டு வெளிக்காற்றை இழுத்தாலும் இதே குறியீடு வரக்கூடும்.

காற்றை நேரே அளக்காமல், உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் வண்டிகளும் பல உண்டு. அவற்றில் காற்றொழுக்கு பெரும்பாலும் வெறும் ஓட்ட வேகத்தையே உயர்த்தும். மேற்கண்ட சோதனை அவற்றிற்கு அவ்வளவு பொருந்தாது. தம் வண்டி எவ்வகையினது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செலவில்லாத சோதனை

பி 0301 என்பது முதல் உருளையில் தீ சரிவரப் பற்றவில்லை என்று காட்டுவது. உருளைக்கொரு தீப்பொறிச் சுருள் உள்ள வண்டியாயின், எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு, முதல் உருளையின் சுருளையும் இரண்டாவதன் சுருளையும் இடம் மாற்றிப் பொருத்துக. மீண்டும் ஓட்டும்போது குறியீடு பி 0302 ஆக மாறினால், சுருளே பழுது. மாறாமல் நின்றால், தீப்பொறிக் கட்டை, எரிபொருள் பீச்சி, உருளையின் அழுத்தம் ஆகியவற்றை முறையே பார்க்கவேண்டும். இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

டீசல் வண்டியில் பி 0087 வந்தால், எரிபொருள் அழுத்தம் குறைந்துள்ளது என்று பொருள். உயரழுத்தப் பம்பின் விலை மிகப் பெரிது. அதனைத் தொடுமுன் டீசல் வடிகட்டி அடைத்துள்ளதா, அதில் நீர் தேங்கியுள்ளதா, குழாய் இணைப்புகளில் காற்று புகுகின்றதா என்று பார்த்தல் கடமையாகும்.

அழிப்பதற்கு முன் எழுதுக

கருவியிலுள்ள பொத்தானை அழுத்தினால் குறியீடு அழிந்து விளக்கு அணையும், பழுது அழியாது. மேலும், பழுது கண்ட கணத்தில் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு இருந்தன என்று கணிப்பொறி எழுதி வைத்த குறிப்பும் அத்துடன் மறைந்துபோகும். அது துப்பறிவோன் வருமுன் அடிச்சுவட்டைத் துடைப்பது போன்றதாகும். பழுதை நீக்கிய பின்னரே குறியீட்டை அழிக்கவேண்டும். அழித்த பின் சில நாள் வழக்கம்போல் ஓட்டிப் பார்க்கவேண்டும். பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியுமாதலின், பட்டறையைவிட்டு வரும்போது விளக்கு அணைந்திருப்பது மட்டும் பழுது தீர்ந்ததற்குச் சான்றாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

வண்டிக்கென ஒரு குறிப்பேடு வைத்து, விளக்கு எரிந்த தேதி, ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய சுமை, குறியீடு, செய்த சோதனை, கண்ட காரணம், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதி வருக. எந்தச் சோதனையினால் இவ்வுறுப்பு பழுதென்று தெரிந்தது என்ற ஒரு வரி இல்லாத பில்லுக்குப் பணம் அனுமதிக்கும் முன், நிர்வாகிகள் ஒருமுறை விசாரிக்கட்டும். கழற்றிய பழைய உறுப்பையும் கேட்டு வாங்கி வைக்கட்டும்.

நல்ல பட்டறைக்காரர் இக்கேள்விகளைக் கண்டு மனம் சுளியார். தாம் எவ்வாறு ஆராய்ந்தார் என்பதை மகிழ்ச்சியுடன் விளக்குவார். அத்தகையோரிடமே சங்கத்தின் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. மஞ்சள் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மின்னுவதற்கும் வேறுபாடு யாது?

2. பி 0171 வந்தவுடன் பிராணவாயு சென்சாரை மாற்றுதல் ஏன் தவறாகும்?

3. காரணம் காணுமுன் குறியீட்டை அழித்தால் நாம் இழப்பது யாது?

4. நும் சங்க வண்டியின் சென்ற ஆண்டுப் பில்களைப் பார்த்து, சோதனை குறிக்கப்பட்டவை எத்தனை, குறிக்கப்படாதவை எத்தனை என்று கணக்கிடுக.