‘என்று’ எங்கே போயிற்று?

ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்ட ஏடுகளைத் திருத்தும்போது ஒரு சொல் காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ‘என்று’. இணையத்தில் எடுத்த பத்தி, நூலகப் புத்தகத்தில் படித்தது, மாணவர் தாமே எண்ணியது எல்லாம் ஒரே குரலில் ஓடுகின்றன. யார் சொன்னது என்று கேட்டால், “கூகுள்ல இருந்துச்சு டீச்சர்” என்பார்கள். கூகுள் தேடித்தான் தருகிறது. எழுதியவர் வேறு ஒருவர்.

இதை ஒழுக்கக் குறையாகக் கண்டிப்பதைவிட இலக்கணப் பாடமாக நடத்துவதே பயன் தரும் என்பேன். “நான் நாளை வருவேன்” என்று கவிதா கூறினாள். மறுநாள் தான் வருவதாகக் கவிதா கூறினாள். நேர்கூற்று, அயற்கூற்று பாடம் பெரும்பாலும் இந்த மாற்றத்தோடு முடிந்துவிடுகிறது. கட்டுரை எழுதும்போது நேர்கூற்றுதான் மேற்கோள். அயற்கூற்றுதான் கருத்துச் சுருக்கம். முன்னதில் சொல்லும் பிறருடையது. எனவே இரட்டை மேற்கோள்குறி வேண்டும், ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது. பின்னதில் சொல் நம்முடையது, கருத்து பிறருடையது, குறி தேவையில்லை. ஆனால் இரண்டிலும் பெயர் வேண்டும். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். சொற்களை மாற்றிவிட்டால் கருத்தும் தமதாகிவிட்டதாக நம்புகிறார்கள்.

தமிழில் இதற்கு நுட்பமான கருவிகள் உண்டு. ‘மழை பெய்தது’ என்பதை ‘மழை பெய்ததாம்’ என்று மாற்றிப் பாருங்கள். சொல்பவர் நேரில் பார்க்கவில்லை என்பது ஓர் ‘ஆம்’ சேர்ந்ததும் தெரிந்துவிடுகிறது. தொல்காப்பியர் ‘என்ப’ என்று முன்னோர்மேல் வைத்துச் சொல்வார். இன்றைய கட்டுரைக்கு அது போதாது. ‘அறிஞர்கள் கூறுவர்’ என்றால் எந்த அறிஞர்? ‘கருதப்படுகிறது’ என்றால் யாரால்? செயப்பாட்டுவினையில் கருத்தா எளிதாக ஒளிந்துகொள்வார். வினைச்சொல்லையும் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். ‘கருதுகிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘நிறுவுகிறார்’ மூன்றும் ஒன்றல்ல. சான்று காட்டி மெய்ப்பித்தவரே நிறுவுகிறார்.

குறியீடுகளுக்கு அரைப் பாடவேளை போதும். ‘ப.’ ஒரு பக்கம், ‘பக்.’ பல பக்கங்கள், ‘மேலது’ சற்றுமுன் சொன்ன அதே நூல். துணைநூற்பட்டியலில்தான் சிறு சிக்கல். ‘மு. வரதராசன்’ என்பதை ‘வரதராசன், மு.’ என்று எழுதி, ‘தமிழ் இலக்கிய வரலாறு’, சாகித்திய அகாதெமி, 1972 என்று தொடர வேண்டும். முன்னெழுத்தைப் பின்னுக்குக் கொண்டுபோகாவிட்டால் பட்டியல் ஆசிரியர்களின் அப்பா பெயர் வரிசையில் அமைந்துவிடும்!

‘எங்கள் ஊர் ஏரி’ போன்ற தலைப்பைக் கொடுத்து, தம் கருத்தை நீலத்திலும் பிறர் கருத்தைக் கறுப்பிலும் எழுதச் சொல்லலாம். கறுப்பு வரி ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளை, பாட்டி சொன்னதை எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று தயங்கும். நாட்டார் வழக்காற்று ஆய்வில் அந்தப் பாட்டிக்குத் ‘தகவலாளர்’ என்று பெயர் உண்டு. அவருடைய பெயர், வயது, ஊர், கேட்ட நாள் நான்கையும் குறித்துவரச் சொல்லுங்கள்.