மலைப் பிரதேசக் காரியாலயங்களும் தொலைதூரக் கணிப்பொறிகளும்

கேரள இராஜ்யத்தின் இடுக்கி ஜில்லா, 2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தேசிய ஒளியிழை வலையமைப்புடன் இணைக்கப்பட்ட முதல் ஜில்லா என்னும் சிறப்பை எய்தியது. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அங்கீகரித்த அத்திட்டமே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள அரசாங்கத்தின் கே-ஃபோன் வலையமைப்பும் தொடங்கப்பெற்றது. எனினும், கம்பி வந்து சேர்ந்ததனால் மட்டும் காரியம் முடிந்துவிடுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மறையூர், குமுளி முதலிய எல்லைப்புற ஊர்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் அக்கம்பியின் வழியே தம் பதிவுகளைப் பழுதின்றி அனுப்பக் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

இதன் அவசியத்தை அண்மைக்கால நிகழ்ச்சிகளே எடுத்துக்காட்டும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளம் இவ்விரு ஜில்லாக்களிலும் புகுந்தது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த மண்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அச்செய்தி மறுநாட் காலையிலேதான் வெளியுலகை எட்டியது. மழையும் சரிவும் இவ்வாறு திடீரென வந்து தாக்கும் பிரதேசத்தில், ஒரே கட்டிடத்தில், ஒரே யந்திரத்தில் வைத்த பதிவு பாதுகாப்பானதன்று. யந்திரம் போயின் வேறொன்று வாங்கலாம். இருபது ஆண்டு மழையளவுப் பதிவு போயின் அதனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

மேகக் கணிப்பொறி என்பது யாது?

தம் விளைச்சலை வீட்டுக் குதிரில் வைப்பாரும் உளர். பொதுக் கிடங்கில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்று வைப்பாரும் உளர். காரியாலயத்திலேயே உள்ள கணிப்பொறி குதிரைப் போன்றது. மேகக் கணிமை என்பது பொதுக் கிடங்கைப் போன்றது. அங்கே பெரிய யந்திரம் ஒன்றே, மென்பொருளின் துணையால், பல தனித்தனிக் கணிப்பொறிகளாகப் பகுக்கப்படுகிறது. அவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் மெய்நிகர்க் கணிப்பொறி எனப்படும். அதற்கெனத் தனி நினைவகமும் வட்டும் முகவரியும் உண்டு. 'மேகராஜ்' என்னும் பெயரால் மத்திய அரசாங்கம் வகுத்த திட்டத்தின்கீழ், தேசியத் தகவலியல் மையம் 2014-ஆம் ஆண்டில் தன் மேகச் சேவையைத் தொடங்கியது.

இணைப்பு எப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்?

கிராமக் காரியாலயத்திலும் பள்ளியிலும் உள்ள கணிப்பொறிகளுக்குப் பெரும்பாலும் உலகறிந்த முகவரி கிடையாது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்னும் எண்களில் தொடங்கும் முகவரிகள் உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை வெளியிலிருந்து நேரே அழைக்க இயலாது. ஆதலின் இணைப்பு காரியாலயத்திலிருந்து மேகத்தை நோக்கித் தொடங்குதலே எளிது, பாதுகாப்பும் அதுவே. மேகத்திலுள்ள கணிப்பொறியின் 22-ஆம் எண் வாயிலைத் திறந்து வைத்தால் போதும். அவ்வாயிலையும், காரியாலயத்தின் நிலையான வெளிமுகவரியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே திறக்குமாறு தீத்தடுப்புச் சுவரில் விதி எழுதுதல் நன்று.

அவ்வாயிலில் இயங்குவது எஸ்.எஸ்.எச். என்னும் முறை. வலையில் செல்லும் கடவுச்சொற்களைத் திருடர் ஒற்றறிந்த நிகழ்ச்சியை அடுத்து, பின்லாந்து தேசத்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யிலோனென் 1995-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். இதில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிகளின் சோடியொன்றை உபயோகித்தல் சிறந்தது. பொதுச் சாவி பூட்டைப் போன்றது. அதனை எவரிடமும் கொடுக்கலாம். தனிச் சாவியே அப்பூட்டைத் திறப்பது. அது காரியாலயக் கணிப்பொறியை விட்டு வெளியேறலாகாது. பூட்டை மேகக் கணிப்பொறியில் பொருத்திவிட்டு, திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்வது இம்முறையின் சாரம். தனிச் சாவியுள்ள கோப்பை அதன் உரிமையாளர் ஒருவரே படிக்கக்கூடியதாக அமைக்க வேண்டும், இல்லாவிடில் எஸ்.எஸ்.எச். அதனை ஏற்க மறுத்துவிடும்.

முதன்முறை இணையும்போது, எதிர்ப்பக்கத்துக் கணிப்பொறியின் 'கைரேகை' திரையில் தோன்றி, நம்பலாமா என்று வினவப்படும். பலரும் பாராமலே சம்மதம் தெரிவிக்கின்றனர். அக்கைரேகையை, மேகக் கணிப்பொறியை நிர்வகிப்பவரிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்பிட்ட பின்னரே சம்மதிக்க வேண்டும். வேடம் பூண்ட யந்திரத்தை இனங்காண அக்கணம் வாய்ப்பளிக்கிறது.

கோப்பை அனுப்பும் வழிகள்

சிறிய கோப்பு ஒன்றிரண்டை அனுப்ப எஸ்.சி.பி. என்னும் கட்டளை போதும். ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால், அது மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். இதன் விளைவைக் கணக்கிட்டுக் காண்போம். 600 மெகாபைட் அளவுள்ள கோப்பு 4,800 மெகாபிட் ஆகும். வினாடிக்கு 1 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அது செல்ல 4,800 வினாடி, அதாவது 80 நிமிஷம் வேண்டும். 70-ஆம் நிமிஷத்தில் மின்சாரம் நின்றால், முதலிலிருந்து தொடங்குபவருக்கு மீண்டும் 80 நிமிஷம் செல்லும். விட்ட இடத்திலிருந்து தொடர்பவருக்கு 10 நிமிஷமே செல்லும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை மின்சாரம் தடைப்படும் ஊரில், இவ்வேற்றுமையே கோப்பு போய்ச்சேருமா, சேராதா என்பதைத் தீர்மானிக்கும்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எஸ்.எஃப்.டி.பி. முறையில் உண்டு. அன்றாடப் பதிவுகளுக்கு அதனினும் ஏற்றது ஆர்சிங்க் என்னும் மென்பொருள். இதனை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரு பக்கத்துக் கோப்புகளையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டுமே இது அனுப்பும். ஓர் எச்சரிக்கை: பாதி வந்த கோப்பை ஆர்சிங்க் இயல்பாக நீக்கிவிடும். அதனை வைத்திருக்குமாறு கட்டளையிலேயே குறிப்பிட்டால்தான் மறுமுறை அதனைக் கொண்டு தொடர இயலும்.

சேர்ந்ததா என்று சோதித்தல்

சுமை ஏற்றிய இடத்தில் எண்ணிய மூட்டைகளை, இறக்கும் இடத்திலும் எண்ணிப் பார்த்தே வணிகர் கையொப்பமிடுவர். கோப்புக்கும் அத்தகைய எண்ணிக்கை உண்டு. எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை, எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதற்கு 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தைக் கணித்துத் தரும். கோப்பில் ஒரே எழுத்து மாறினும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். இரு பக்கத்திலும் கணித்து ஒப்பிட்ட பின்னரே, இங்குள்ள மூலத்தை நீக்குவதா என்று சிந்திக்க வேண்டும்.

நிலையான இணைப்பு

பல கணிப்பொறிகள் நாள்தோறும் மேகத்துடன் உறவாட வேண்டின், ஐபிசெக் அல்லது வயர்கார்டு முறையில் மறைகுறிச் சுரங்கவழி ஒன்றை அமைக்கலாம். அதற்கு முன் முகவரித் திட்டத்தை வகுத்துக்கொள்வது அவசியம். இருபுறமும் 192.168.1 என்னும் தொடரிலேயே முகவரிகள் இருப்பின், தபால் எப்பக்கம் செல்ல வேண்டும் என்று வழிகாட்டிக் கருவிக்குத் தெரியாது. இணைப்பு இருந்தும் பயன் இராது.

மாணவர்களின் பெயரும் விவரமும் அடங்கிய கோப்புகளில் தனிக் கவனம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைச் சிறார் எனக் கொண்டு, அவர்களுடைய விவரங்களுக்குச் சிறப்புக் காவல் வகுத்துள்ளது. அத்தகைய கோப்புகளைத் துறை அங்கீகரித்த கணிப்பொறிக்கன்றி வேறெங்கும் அனுப்பலாகாது.

வகுப்பில் செய்து பார்க்க

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் லினக்ஸ் இயங்குதளம் வழக்கத்தில் இருப்பதால், மேற்கூறிய கருவிகளைக் கொண்டு அங்கேயே பயிற்சி செய்யலாம். வகுப்பிலுள்ள இரு கணிப்பொறிகளில் ஒன்றைக் காரியாலயமாகவும் மற்றொன்றை மேகமாகவும் கொள்க. பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கி, பாதியில் வலைக் கம்பியைப் பிடுங்குக; மீண்டும் செருகி, எஸ்.சி.பி., ஆர்சிங்க் ஆகிய இரண்டும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்து ஒப்பிடுக. பின்னர் இரு பக்கத்து அடையாளங்களையும் கணித்துச் சரிபார்க்க. இப்பயிற்சியைக் கோடை விடுமுறைக்கு முன்னரே முடித்துக்கொள்ளுதல் நலம். ஜூன் மாதத்தில் மழை தொடங்கிய பின்னர், கம்பியைப் பிடுங்க மாணவர் எவரும் வேண்டியிரார்.