ஒன்பது மரம், ஒரு குடிசை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கஜா புயலைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "புயலை அரசாங்கமா வரவழைத்தது? முன்கூட்டியே சொன்னார்கள், முகாமில் தங்க வைத்தார்கள், விழுந்த மரத்துக்குப் பணமும் கொடுத்தார்கள். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரத்தநாட்டில் உங்கள் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, அவருக்கு இழப்பீடு வந்து சேர்ந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பாதியை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறும் முன்பே சுமார் 80,000 பேரைத் தாழ்வான இடங்களிலிருந்து முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவரே அன்று பாராட்டினார். எத்தனையோ உயிர் அதனால் பிழைத்தது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

என் வருத்தமெல்லாம் விடிந்த பிறகு நடந்ததைப் பற்றியது.

அரசு அறிவித்த கணக்கைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். முழுதாக இடிந்த குடிசைக்கு 10,000. அதாவது ஏறத்தாழ ஒன்பது மரமும் ஒரு குடும்பம் குடியிருந்த வீடும் ஒரே விலை. கான்கிரீட் வீடு கட்டித் தருவதாகப் பிறகு சொன்னார்கள். அது வரும்வரை மழையில் நனைந்தது இந்தப் பத்தாயிரத்துக் குடிசைதான்.

உங்கள் மாமாவுக்கு அதிகம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஆறேழு வருஷம் பாளைக்குக் காத்திருந்து, அதன்பின் ஐம்பது அறுபது வருஷம் காய்க்க வேண்டிய மரத்துக்கு 1,100 ரூபாய் எந்த மூலைக்கு? கடன் வாங்கி இரண்டு ஏக்கரில் தோப்பு போட்டவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அவருடைய இழப்பை எண்ண ஓர் அளவு இருந்தது. மரம் இருந்தது, சிட்டா இருந்தது, எண்ண ஆள் வந்தார்.

எங்கள் ஊரில், பேராவூரணிப் பக்கம், கீற்று முடையும் அக்கா ஒருவர் உண்டு. குளத்தில் ஊறப்போட்ட மட்டையைக் கிழித்து முடைவது அவருடைய வேலை. கணக்கெடுக்க வந்தவர்கள், "உங்களுக்கு எத்தனை மரம்மா?" என்று கேட்டார்கள். "மரம் நம்மளுது இல்லீங்க. கீத்து முடைவேன்" என்றார். கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தத் தாளில் அதை எழுத இடமே இல்லை. முதல் மாதம் அக்காவுக்கு வேலை குவிந்தது. ஊரில் கூரை இழக்காத வீடு இல்லை, மட்டையோ எங்கு பார்த்தாலும் கிடந்தது. கிடந்ததெல்லாம் காய்ந்து சருகானதும் வேலையும் நின்றது. அவருக்கு வந்தது இடிந்த குடிசைக்கான பணமும் கொஞ்ச நாளைக்கு அரிசி பருப்பும்.

ஒரு தோப்பை நம்பி எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். ஏறிப் பறிக்கிறவர், பொறுக்கிச் சேர்க்கிறவர், கடப்பாரை நட்டு உரிக்கிறவர், லாரியில் ஏற்றுகிறவர், கொப்பரைக் களத்தில் உடைக்கிறவர், கயிறு திரிக்கிறவர். மரம் விழுந்த அன்றே இவர்கள் எல்லாருடைய கூலியும் விழுந்தது. புதுக் கன்று காய்க்க ஆகும் அதே ஆறேழு வருஷம் இவர்களும் காத்திருக்க வேண்டும், கையில் ஒன்றுமில்லாமல். பலர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். குத்தகைக்காரர் கதை இன்னும் சிக்கல்: வளர்த்தவர் ஒருவர், பட்டாவில் பெயர் இன்னொருவர்.

இவர்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்பது அன்றைய சட்டத்தில் இல்லாத ஆசையும் அல்ல. சுனாமிக்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும்போது உயிரிழப்பு, வீட்டுச் சேதம் ஆகியவற்றோடு பிழைப்பு வழியை மீட்டுத் தருவதையும் சேர்த்தே சொன்னது. சொத்து உள்ளவனுக்கு மட்டும்தான் இழப்பு உண்டு என்று அதில் எங்கும் இல்லை.

பணம் எங்கே என்பீர்கள். மாநிலம் சுமார் 15,000 கோடி கேட்டது. மத்திய அரசு அந்த டிசம்பர் கடைசியில் ஒப்புக்கொண்டது 1,146 கோடி. இந்தக் குறுகிய போர்வையை யார் பக்கம் இழுத்துப் போர்த்துவது என்பதில்தான் அரசின் மனசு தெரிகிறது. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புயல் வருவதற்கு முன்பே, ஊராட்சி தோறும், யார் எந்த வேலை செய்து பிழைக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு. புயலுக்குப் பின், மரக் கணக்கோடு கூலிக் கணக்கும். அன்று நூறு நாள் வேலைத் திட்டம் கையில் இருந்தது. விழுந்த தோப்பைத் துப்புரவாக்கவும் கன்று நடவும் அதை விரித்து, தோப்பு எழும்பும்வரை அந்தக் கூலி நிற்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாமே.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரத்தநாட்டுக்குப் போகும்போது மாமாவிடம் கேளுங்கள்: புயலுக்கு முன் அவர் தோப்பில் வெட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறார்கள். அவருக்கு நினைவிருக்கும். தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்