விவசாயச் சங்கங்கள் கருவிகளுக்கு நன்கொடை தேடும் முறை

நொய்யல் நதிக்கரைக் கிராமங்களில் கிணற்றுப் பாசனம் செய்யும் குடியானவர்கள், தங்கள் தோட்டத்து நீரில் உப்பு எவ்வளவு, சென்ற வருஷத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று அறிந்திருத்தல் அவசியம். நாவால் சுவைத்தறிவது ஒரு மட்டுக்கே உதவும். நீரின் மின்கடத்தும் தன்மையை அளக்கும் சிறு கருவி ஒன்றிருப்பின் உப்பை இலக்கத்தில் எழுதி வைக்கலாம். மீட்டருக்கு டெசிசீமன் என்னும் கணக்கில் 0.75க்கு உட்பட்ட நீர் பெரும்பாலான பயிர்களுக்குத் தொல்லை தராது. 2.25க்கு மேற்பட்டதோ மிக்க உப்பு நீர் எனப்படும். வடிகால் நன்கமைந்த நிலமும் உப்பைத் தாங்கும் பயிரும் இருந்தாலன்றி அதைப் பாய்ச்சுதல் தகாது.

இவ்விலக்கங்களுக்கு வயலில் மட்டுமன்றி வேறிடத்திலும் மதிப்புண்டு. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 2006-ம் வருஷத்தில் சென்னை உயர்நீதிமன்றமும், 2009-ல் உச்சநீதிமன்றமும் சாயத் தொழிலாரின் பொறுப்பை நிலைநாட்டின. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத நிலையை எய்தும்வரை சாய ஆலைகளை மூடி வைக்கும்படி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய விவகாரங்களில், தேதியிட்டு முறையாக எழுதிய அளவுப் புத்தகம் நூறு பேர் கூடிச் செய்யும் முறையீட்டினும் வலுவுடையது என்பது என் எண்ணம்.

அளவு கருவியையும், கணக்கைத் தொகுத்து வைக்கக் கம்ப்யூட்டரையும் ஊர்ச் சங்கம் தன் சந்தாவிலிருந்தே வாங்குவது கடினம். ஆகவே நன்கொடை தேட வேண்டும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவை இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். நிகரச் சொத்து 500 கோடி ரூபாய், அல்லது வருஷ விற்று வரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் 2 சதவீதமேனும் பொது நலனுக்குச் செலவிட வேண்டும். மண், நீர் இவற்றின் தன்மையைக் காப்பதும் கிராம அபிவிருத்தியும் அச்செலவில் அடங்கும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கே முதலிடம் தர வேண்டுமென்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி என்று வழங்குவதெல்லாம் சட்டப்படி கம்பெனியன்று. கூட்டு வியாபாரமாகவும் தனியார் உடைமையாகவும் நடப்பவை பல. அவற்றை இப்பிரிவு கட்டுப்படுத்தாது. அவர்கள் கொடுத்தால் அது மனமுவந்த தர்மமே. எவரை எவ்விதம் அணுகுவது என்பதை இதைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகள், இணையதளம் வைத்திருப்பின், இச்செலவுக்கான கமிட்டியையும் ஒப்புக்கொண்ட திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. முதலில் அதைப் படித்தறிந்து பிறகு விண்ணப்பம் எழுதுக.

அடுத்து, கேட்பவர் யார் என்பது. கம்பெனி தன் பணத்தை வேறொரு ஸ்தாபனத்தின் மூலம் செலவிட விரும்பினால், அந்த ஸ்தாபனம் பொது அறக்கட்டளையாகவோ, பதிவு பெற்ற சங்கமாகவோ, லாபம் பங்கிடாத 8-வது பிரிவுக் கம்பெனியாகவோ இருத்தல் வேண்டும். வெளியார் நடத்தும் ஸ்தாபனமாயின் மூன்று வருஷ வேலையனுபவமும், வருமான வரி இலாகாவின் பதிவும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைப்பதற்கான ஒப்புதலும் தேவை. 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் வழியே பெற்ற பதிவெண்ணும் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி பங்குதாரருக்கு லாபம் தருவதாகையால் இவ்வகையில் சேராது. எனினும் தளர வேண்டியதில்லை. தகுதியுள்ள அறக்கட்டளையொன்று வேலையை நடத்த, வாங்கிய கருவி பயனடையும் குழுவின் பெயரிலேயே இருக்க விதிகள் இடந்தருகின்றன. அன்றியும் நபார்டு வங்கியின் பண்ணைத் துறை மேம்பாட்டு நிதியிலிருந்து புதுத் தொழில்நுட்பத் திட்டங்களுக்கு உற்பத்தியாளர் ஸ்தாபனங்களும் மானியம் கேட்கலாம். கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருளைத் தர்ம ஸ்தாபனங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பெற்றுத்தரும் டெக்சூப் போன்ற அமைப்புகளும் உள.

திருப்பூருக்கே உரிய ஓர் எச்சரிக்கை: ஏற்றுமதியாளரின் அயல்நாட்டு வாடிக்கைக்காரர் பணமோ கருவியோ தர முன்வரலாம். 2010-ம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைப் பெறலாகாது. பணமன்று, பொருள்தானே என்ற சமாதானம் செல்லாது.

விண்ணப்பத்தில் “நவீன கருவிகள் தேவை” என்று பொதுப்பட எழுதுவோர் மிகப் பலர். அது பயன்படாது. எத்தனை கிணறுகள், அவற்றின் சர்வே எண்கள், மாதத்தில் எந்நாளில் யார் அளப்பார், யாருக்குக் கணக்குக் காட்டப்படும் என்று எழுதுக. சர்வே எண்களைக் கிராம நிர்வாக அலுவலர் ஒத்துப்பார்த்துக் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் பெரும் பலம். மேலும், கருவியின் விலையை மட்டும் கேட்பது பாதி வேலையே. பாட்டரி தீர்ந்தபின் வாங்கப் பணமின்றி அலமாரியில் கிடக்கும் கருவிகளை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கான பாட்டரி, மின்முனை, அளவைச் சரிபார்க்கும் 1.413 எண்ணுள்ள கரைசல், அளப்பவரின் சிறு கூலி ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பீடு தயாரிக்கவும். கம்பெனிகளின் கணக்கு வருஷம் மார்ச்சு 31-ல் முடிவதால், வருஷ முடிவில் ஓடாமல், அடுத்த வருஷத் திட்டம் வகுக்குமுன்பே விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்குமாறு செய்க. கருவி வந்து சேர்ந்த அன்றே சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் பதிந்து, இருவர் கையொப்பமிட்ட ரசீதைக் கொடுத்தவருக்கு அனுப்பி, முதல் மாதத்து அளவுகளின் நகலையும் உடன் வைக்கவும்.